எட்டு வாரம் பொறுங்கள்

பூனைக்குட்டி தருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வயதைத்தான் சொல்கிறார்கள்: “ரெண்டு மாசம் ஆச்சு.” அவர்களுக்குப் பொய் சொல்லும் எண்ணம் கிடையாது. கடையின் பின்கட்டிலோ மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ பூனை குட்டி போட்ட தேதியை யார் குறித்து வைக்கிறார்கள்? கண் திறந்து, நாலு காலில் நடந்து, கையில் எடுத்தால் கத்தத் தொடங்கிவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு அது வளர்ந்த குட்டிதான். வாங்குகிறவருக்கோ அந்த வயதை நம்ப வேண்டும் என்ற ஆசை. நான் வாங்கியவள். அந்த ஆசையையும், அதைத் தாண்டி வர எனக்குக் கைகொடுத்தவற்றையும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பெரம்பூர் பக்கம். தெருமுனையில் ஒரு மளிகைக்கடை. எலித் தொல்லைக்காக அண்ணாச்சி சோறு வைத்து நிறுத்திக்கொண்ட சாம்பல் வரிப் பூனை ஒன்று, அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் பின்கட்டில் இருக்கிறது. அது குட்டி போட்ட செய்தி தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி விட்டு வந்ததும் அங்கேதான் நிற்பாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், அண்ணாச்சியே ஒரு குட்டியை முறுக்கு அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். “ரெண்டு மாசம் ஆயிட்டும்மா. பாலு சோறு எல்லாம் குடிக்கும். பாப்பா ஆசையா இருக்கா, கொண்டு போங்க. இல்லேன்னா யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்க” என்றார்.

பெட்டியைத் திறந்து பார்த்தபோதே அது எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. உள்ளங்கையில் அடங்கியது. நடக்கும்போது பின்னங்கால்கள் அகன்று போயின. இருந்தும், “சில பூனை சின்ன ஜாதியா இருக்கும்” என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன். குட்டி வேண்டும் என்று எனக்கும் பல வருஷ ஏக்கம். கிடைத்ததை இன்னும் வளரவில்லை என்று ஒத்துக்கொண்டால் அதோடு ஒரு கடமையும் வந்து சேரும். அந்தக் கடமை என்னவாக இருக்கும் என்று அப்போதே எனக்கு லேசாகத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அது பாலையும் தொடவில்லை, பிசைந்து வைத்த மீன் சோற்றையும் தொடவில்லை. கிண்ணத்தை மிதித்துத் தாண்டிப் போய் மூலையில் நின்று கத்தியது. கத்தல் மெல்லக் குறைந்தது. அழுகை அடங்கினால் சமாதானமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். சிறு குட்டியிடம் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. குளிர்ந்துபோன குட்டியும் சத்தத்தை நிறுத்திவிடும்.

அதை முதலில் கண்டுகொண்டவர் என் மாமியார். ஐந்து பிள்ளை பெற்று, பேரப்பிள்ளைகளையும் காலில் போட்டுக் குளிப்பாட்டியவர். குழந்தைகளுக்குப் பால் புகட்டிய பித்தளைப் பாலாடை இன்னும் அவர் பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டுதான் வந்தார். குட்டியைத் தூக்கியவர் பாலாடையைக் கீழே வைத்துவிட்டு அதன் பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“காலெல்லாம் சில்லுனு கெடக்கு. வயிறும் ஆறிப்போயிருக்கு. இப்ப பால் வேணாம். மொதல்ல சூடு வரட்டும்.”

“பசியில கத்துதே அத்தை?”

“பசிதான். ஆனா சூடில்லாத வயித்துல ஊத்துனா அது அப்படியே நிக்கும்.”

பூனை வளர்த்து அறியாதவர் அவர். ஆனாலும் அன்று இரவு நான் போனில் பிடித்த கால்நடை மருத்துவர் சொன்னதும் இதையேதான். பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரத்தில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறன்கூட அதற்கு இல்லை. வளர்ந்த பூனையின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். முதல் வாரக் குட்டிக்கு அது 35, 36 அளவில்தான் நிற்கும். நாலு வாரம் நெருங்கும்போதுதான் அது தாயின் அளவை எட்டிப் பிடிக்கிறது. அதுவரை தாயின் வயிறும் கூடப்பிறந்த குட்டிகளின் உடம்புமே அதற்குப் போர்வை. உடம்பு குளிர்ந்தால் குடல் ஓட்டம் நின்றுவிடும். அந்த நிலையில் புகட்டிய பால் செரிக்காமல் தேங்கும், வாந்தியாக வரும், மூச்சுக்குழாயில் இறங்கும். பசியால் சாகும் குட்டிகளைக் காட்டிலும் இப்படி அன்போடு அவசரமாகப் பால் புகட்டி இறந்துபோகும் குட்டிகளைப் பார்ப்பதுதான் மனதுக்குக் கஷ்டம் என்று அவர் சொன்னார்.

சூடாக்குவதிலும் நிதானம் வேண்டும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் நன்றாகச் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்தோம். மறுபக்கத்தைச் சும்மா விட்டோம். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டும். ஹீட்டருக்கு முன்னால் வைப்பது, ஹேர் ட்ரையரை நேராகக் காட்டுவது, சுடும் பாட்டிலைத் துணியில்லாமல் ஒட்டி வைப்பது எல்லாம் தோலைப் பொசுக்கிவிடும். முதல் வாரக் குட்டி இருக்கும் இடத்தில் 30 முதல் 32 டிகிரி வெப்பம் வேண்டும். வாரம் ஏற ஏற அதைக் குறைத்துக்கொண்டு வரலாம். சென்னைதானே, இங்கே என்ன குளிர் என்று கேட்கலாம். மழைநாளில் மொசைக் தரையும் மேலே ஓடும் மின்விசிறியும் ஒரு சின்னக் குட்டியின் சூட்டை உறிஞ்சி எடுக்கப் போதும்.

காதும் பாதமும் வெதுவெதுப்பான பிறகுதான் பால் கொடுத்தோம். பசும்பால் இல்லை. பூனைப்பாலில் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் புரதம் உண்டு, கொழுப்பும் கூட. பசும்பாலில் குட்டிக்கு வேண்டிய சத்து போதாது. லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையைக் குடல் தாங்காமல் கழிச்சலும் பிடித்துக்கொள்ளும். கால் கிலோ, அரைக் கிலோ எடையுள்ள உயிருக்குக் கழிச்சல் சாதாரண விஷயம் இல்லை. சில மணி நேரத்தில் உடம்பு வறண்டுபோகும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடரை என் கணவர் மழையில் வண்டி ஓட்டிப் போய், வளர்ப்புப் பிராணிக் கடை மூடும் நேரத்தில் வாங்கி வந்தார்.

பாலாடை மறுபடியும் பெட்டிக்குள் போனது. குழந்தையைப் போலக் குட்டியை மல்லாத்திப் பால் புகட்டக் கூடாது. தாயிடம் அது எப்படிப் படுத்துக் குடிக்குமோ, அப்படியே வயிறு கீழே இருக்க, தலை லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். ஊசியில்லாத சிரிஞ்சில் துளித்துளியாக, அது சப்பும் வேகத்துக்கு மட்டும் கொடுத்தோம். 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 4 மில்லிதான் அதன் வயிறு கொள்ளும். முதல் வாரக் குட்டியானால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவு பகல் பார்க்காமல் கொடுக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் நாலைந்து மணி நேர இடைவெளி விடலாம்.

இன்னொரு வேலையும் தாய்ப்பூனை செய்கிறது. அதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. முதல் மூன்று வாரம் குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவோ மலம் கழிக்கவோ வராது. தாய் அடிப்பக்கத்தை நக்கிக் கொடுத்தால்தான் வரும். நக்கியே சுத்தமும் செய்துவிடும். தாயில்லாத குட்டிக்கு வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒவ்வொரு வேளைப் பாலுக்கும் அப்படித் தடவிக் கொடுக்க வேண்டும். எங்கள் குட்டி அந்த எல்லையில் இருந்தது. அத்தை பஞ்சால் தடவ, சொட்டுச் சொட்டாகப் போனது. மகள் கைதட்டினாள்.

அடுத்த நாள் காலை வேப்பேரிக்குக் கொண்டுபோனோம். 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. மாடு, ஆடு, நாய், கிளி என்று எல்லாவற்றுக்கும் வரிசை நிற்கும் இடம். எங்களைப் பார்த்த மருத்துவர் இளம்பெண். குட்டியின் வயதை அவர் என்னிடம் கேட்கவில்லை. குட்டியிடமே படித்துக்கொண்டார். அந்தப் பாடத்தை எனக்கும் சொல்லிக் கொடுத்தார். குட்டி வாங்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பிறக்கும்போது குட்டியின் எடை ஏறக்குறைய 100 கிராம். கண் மூடியிருக்கும், காது தலையோடு ஒட்டி மடிந்திருக்கும். கண் திறப்பது ஏழு முதல் பதினான்கு நாளுக்குள். திறந்த கண் எல்லாக் குட்டிக்கும் நீலம்தான். அந்த நீலம் மாறி அதன் சொந்த நிறம் தெரியத் தொடங்குவது ஆறு ஏழு வாரத்தில். காது நிமிர்ந்து நிற்பதும் தள்ளாடி நடப்பதும் மூன்றாம் வாரத்தில். பிறகு பல். முன்வரிசைச் சின்னப் பற்கள் மூன்று வாரத்தை ஒட்டியும், கோரைப்பற்கள் நாலு வாரத்தை ஒட்டியும் முளைக்கும். கடைவாய்ப் பற்கள் அதற்குப் பின்னால்தான். எடை வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் கூடும். நாலு வாரக் குட்டி 400, 450 கிராம் இருக்கும். எட்டு வாரக் குட்டி ஒரு கிலோவை நெருங்கும்.

எங்கள் குட்டி தராசில் 380 கிராம். நீலக் கண். நிமிர்ந்த காது. முன்பற்கள் இருந்தன. கோரைப்பல் ஈற்றை அப்போதுதான் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. கடைவாயில் விரலை வைத்தால் ஈறு மட்டும்தான்.

“மூணரை வாரம், மிஞ்சிப்போனா நாலு” என்றார் மருத்துவர். பிறகு என்னைப் பார்த்து, “தாய் இருக்கா?” என்று கேட்டார்.

இந்தக் கட்டுரையில் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத்தான். தாய் இருப்பது எனக்குத் தெரியும். அன்று காலையில் பால் வாங்கப் போனபோதுகூட அது மூட்டைகளுக்கு நடுவில் நடந்து நடந்து கூப்பிட்டதைக் கேட்டேன். ஆனாலும் “தெரியல டாக்டர்” என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பால்பவுடர் வாங்கியாகிவிட்டது, இரவெல்லாம் கண்விழித்தாகிவிட்டது, குட்டியும் என் விரலைச் சப்பப் பழகிவிட்டது. தாயில்லாத குட்டியைக் காப்பாற்றியவள் என்ற பெயரும் கிடைத்திருக்கும். என் மனசு அந்தக் கதையை விரும்பியது. குட்டிக்கு நான் தேவைப்பட வேண்டும் என்று விரும்பியது. அதற்காக அதற்குத் தாய் இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்ற இடம் வரைக்கும் அந்த விருப்பம் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனால் குட்டிகளை நேசிக்கும் பலருக்குள்ளும் இது இருக்கும் என்று நம்புகிறேன். பெயர் சொல்லிப் பார்த்தால்தான் அதைத் தள்ளி வைக்க முடியும்.

“இருக்கு டாக்டர். நல்லாத்தான் இருக்கு. தேடுது” என்றேன்.

“அப்ப திரும்பக் கொண்டு விட்டுடுங்க. வாங்கிக்கிறதை அப்புறமா வாங்கிக்கலாம்.”

தாய் கொடுப்பதில் பால் ஒரு பங்குதான் என்று அவர் விளக்கினார். நாலு வாரத்துக்கு மேல் தாய் மெல்ல மெல்லப் பால் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு, எழுந்து நகர்ந்து போய், குட்டியை வேறு உணவுக்குப் பழக்குகிறது. ஏழு எட்டு வாரத்தில் அது முழுமையாகிறது. இந்த வாரங்களில்தான் கூடப்பிறந்தவையோடு கட்டிப் புரள்கிறது குட்டி. ஓங்கிக் கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நின்றுபோகும். பல்லையும் நகத்தையும் எவ்வளவு அழுத்தலாம் என்று அப்படித்தான் அளவு படிகிறது. மண்ணைத் தோண்டி மூடுவது, தன்னை நக்கிச் சுத்தம் செய்வது எல்லாம் தாயின் கூட இருக்கும்போதே கைவருகின்றன. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் கிட்டத்தட்ட 6,000 பூனைகளின் விவரங்களைத் திரட்டி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரத்துக்கு முன்னால் தாயைப் பிரிந்த பூனைகளிடம் வளர்ந்த பிறகு ஆக்ரோஷம் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். பதினான்கு வாரம் வரை தாயோடு விடுவது நல்லது என்பது அவர்கள் சொன்ன யோசனை. இங்கிலாந்தில் 2018-ல் வந்த விதிகளின்படி, உரிமம் பெற்று விற்பவர்கள் எட்டு வாரத்துக்குக் குறைந்த பூனைக்குட்டியை விற்கவே கூடாது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அத்தைக்குச் சந்தேகம். “மனுஷ வாடை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காதும்பாங்களே?” ஊரில் எல்லோரும் சொல்வதுதான். மருத்துவரிடம் இதையும் கேட்டிருந்தேன். பூனை விஷயத்தில் அப்படி இல்லை. மனிதர் தொட்டது என்பதற்காகத் தாய்ப்பூனை குட்டியைத் தள்ளிவிடுவதில்லை. பெரும்பாலும் மோந்து பார்த்து நக்கி ஏற்றுக்கொள்ளும். பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். இடம் பத்திரமில்லை என்று பட்டால் அது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றுவது நிஜம். அப்படி மாற்றும் நேரத்தில் தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்து ‘ஐயோ அநாதை’ என்று தூக்கி வந்துவிடுபவர்கள் நிறைய. இரை தேடப் போன தாய் திரும்பிவரச் சில மணி நேரம் ஆகலாம். குட்டி குளிராமல், வயிறு நிறைந்து, அமைதியாகத் தூங்குகிறதென்றால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. நாய், வண்டி, மழைத்தண்ணீர் என்று ஆபத்து எதுவும் இல்லாதபோது தள்ளி நின்று காத்திருப்பதே சரி.

மகள் பெட்டியை விடவில்லை. அழுதாள். “நமக்குக் குடுத்துட்டாங்கல்ல, இப்ப அது நம்ம குட்டிதானேம்மா?” என்று கேட்டாள்.

“நம்ம குட்டிதான். அதனாலதான் கொண்டு விடுறோம். அதுக்கு எது நல்லதுன்னு பாக்க வேண்டியது இப்ப நாமதானே” என்றேன். அவளுக்குச் சொல்லும்போது எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அண்ணாச்சி ஒன்றும் தடை சொல்லவில்லை. “எனக்கு என்னம்மா தெரியும், நடக்குதேன்னு குடுத்தேன்” என்றார். பின்கட்டில், மற்ற இரண்டு குட்டிகளும் கிடந்த கோணிக்குப் பக்கத்தில் பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் கடை முகப்புக்கு வந்துவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்துத் தாய் வந்தது. பெட்டியைச் சுற்றி வந்து மோந்தது. குட்டி கத்தியதும் கழுத்துத் தோலைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போய்க் கோணியில் போட்டு, தலையில் தொடங்கி வால் வரைக்கும் நக்கியது. எங்கள் வீட்டு வாடையெல்லாம் அது நக்கியதிலேயே போயிருக்கும். குட்டி மற்ற இரண்டையும் தள்ளிக்கொண்டு மடியைத் தேடிப் பிடித்தது.

அதன் பிறகு வந்த வாரங்களில் நான் செய்தது, தாயைப் பார்த்துக்கொண்டது. பாலூட்டும் பூனைக்கு வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு உணவு வேண்டும். வெறும் சோறு போதாது. மாமிசத்தில் கிடைக்கும் டாரின் என்ற சத்து இல்லாமல் பூனையின் கண்ணும் இதயமும் கெடும். முள் எடுத்த வேகவைத்த மீன், முட்டை, கோழி, பூனைத் தீவனம் என்று மாற்றி மாற்றிக் கொண்டுபோனோம். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு பூனைக்கு ஆகாது என்று அண்ணாச்சிக்கும் சொல்லி வைத்தோம். சுத்தமான தண்ணீர்க் கிண்ணம் ஒன்று பின்கட்டில் நிரந்தரமானது.

மகளுக்கும் வேலை இருந்தது. தாயோடு இருக்க வேண்டும் என்றால் மனிதர் தொடவே கூடாது என்று அர்த்தமில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைக்கும் உள்ள காலத்தில் மனிதர் கையில் எடுத்துப் பழக்கிய குட்டிகளே பிற்காலத்தில் மனிதரிடம் ஒட்டுதலாக இருக்கின்றன என்று அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகள் காட்டின. அதனால் தினமும் மாலையில் தாயும் பக்கத்தில் இருக்க, மூன்று குட்டிகளையும் மடியில் வைத்து வருடிக் கொடுப்பாள். அண்ணாச்சியின் எலக்ட்ரானிக் தராசில் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து வாராவாரம் எடை பார்ப்போம். எடை ஏறுகிறதா என்பதுதான் குட்டியின் நலத்துக்கு முதல் சாட்சி. அது ஏறாமல் நின்றாலே எங்கோ கோளாறு. குட்டிகளின் எடையை நோட்டில் எழுதிக்கொள்வதில் மகளைவிட அண்ணாச்சிதான் மும்முரமாக இருந்தார்.

எல்லாக் குட்டிக்கும் தாய் இருக்காது. வண்டியில் அடிபட்டு இறந்த தாயின் குட்டிகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் மனம் தளர வேண்டாம். சூடு, அதன் பிறகு குட்டிகளுக்கான பால், பஞ்சால் துடைத்தல், தினமும் எடை. இந்த வரிசை மாறாமல் செய்தால் பிழைத்துவிடும் குட்டிகள் ஏராளம். பக்கத்தில் பால் கொடுக்கும் வேறு பூனை இருந்தால், அது இந்தக் குட்டியையும் ஏற்றுக்கொள்ளுமா என்று பார்க்கலாம். பூனைகள் பிற குட்டிகளுக்குப் பால் கொடுப்பது புதிதல்ல. நாலு வாரத்துக்கு மேல் பாலிலேயே ஊறவைத்த குட்டித் தீவனத்தைக் கூழாக்கித் தட்டில் வைக்கலாம். அதே வயதில் ஆழமில்லாத தட்டில் மண்ணோ, தண்ணீர் பட்டால் கட்டியாகாத பூனை மணலோ வைத்தால் தானே தோண்டப் பழகும். கூடப்பிறந்த குட்டி இருந்தால் இரண்டையும் சேர்த்து எடுங்கள். தாய் கற்பிப்பதில் ஒரு பகுதியை அவை ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுக்கும்.

தெள்ளுப்பூச்சியைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். அரைக் கிலோ குட்டியின் ரத்தத்தை அவை குடித்துச் சோகை பிடிக்க வைத்துவிடும். ஈறு வெளுத்திருந்தால் அதுதான் அடையாளம். நாய்க்கான தெள்ளு மருந்தைத் தடவிவிடாதீர்கள். பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். நெருக்கமான சீப்பால் சீவி எடுப்பதே பத்திரம். குட்டி சுடுகிறது என்று நம் வீட்டுப் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். பூச்சி மருந்தும் மருத்துவர் எடை பார்த்துத் தரட்டும். குட்டி துவண்டு கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, கழிச்சல் நிற்காவிட்டாலோ, கண் பீளை கட்டி மூச்சு அடைத்தாலோ நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அந்த வயதில் ஒரு இரவு மிக நீளமானது.

எங்கள் குட்டி ஒன்பது வாரம் தாண்டி வீட்டுக்கு வந்தது. கண் நீலம் மாறி மஞ்சள் பச்சையாகியிருந்தது. வாய் நிறையப் பல். தராசில் ஒரு கிலோவுக்கு மேல். வைத்த தீவனத்தைத் தின்றுவிட்டு மணல் தட்டைத் தேடிப் போனது. மகளின் விரலைக் கவ்வி விளையாடியபோது பல் அழுந்தவில்லை. தாய்ப்பாலில், அதுவும் பிறந்த முதல் நாளில் கிடைக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி சில வாரங்களில் குறைந்துவிடும் என்பதால், ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். முதல் ஊசியை அது தாயோடு இருக்கும்போதே போட்டாகிவிட்டது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. தடுப்பூசி போடாத குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

தாய்ப்பூனையை மறக்கவில்லை. பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம்தான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகவும் முடியும். நம் ஊர் வெயிலில் வருஷம் முழுக்கக் குட்டி போடும். கருத்தடை செய்யாவிட்டால் அதே பின்கட்டில் அடுத்த பெட்டி தயாராகிவிடும், அதே மாதிரி யாருடைய கைக்கோ நாலு வாரத்தில் ஒரு குட்டி போகும். குட்டிகள் பால் மறந்த பிறகு அண்ணாச்சியும் நானுமாகச் செலவைப் பகிர்ந்துகொண்டு அதற்குக் கருத்தடை செய்தோம். மற்ற இரண்டு குட்டிகளும் தெருவிலேயே நல்ல வீடுகளுக்குப் போயின. பிரிய வேண்டிய வயது வரும் வரை பின்கட்டில் இருந்துவிட்டுத்தான் போயின.

குட்டிமேல் வரும் ஆசை நல்லதுதான். அதனால்தான் மழையில் பால்பவுடர் தேடிப் போகிறோம், தூக்கத்தை விடுகிறோம். ஆனால் அந்த ஆசைக்குக் குட்டியின் வயது தெரியாது, தாயின் முகம் தெரியாது. அவற்றைத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு. தெரிந்த பிறகு, தனக்கு வேண்டியதைக் கொஞ்ச நாள் தள்ளி வைப்பதும் வளர்ப்பதில் சேர்ந்ததுதான் என்று நான் அந்த ஐப்பசியில் கற்றுக்கொண்டேன். தெருவில் மற்றப் பூனைகளின் குட்டி கேட்டு என்னிடம் வருகிறவர்களுக்கு இப்போது முதலில் அந்தக் குட்டியின் தாயைக் காட்டுகிறேன். அதற்கு ஒரு கை மீன் வைத்துவிட்டு, எட்டு வாரம் ஆனதும் வாருங்கள் என்று சொல்கிறேன். காத்திருந்து திரும்பி வருகிறவர்களிடம்தான் குட்டியை ஒப்படைக்கிறேன்.